பிள்ளையின் மனம் சோர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? திருகோணமலைக் கிராமங்களுக்கான வழிகாட்டி

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே கொண்டுபோவது என்று வெருகலில் இருக்கும் தாய்க்கும் தெரியும், புல்மோட்டையில் இருக்கும் தாய்க்கும் தெரியும். அதே பிள்ளை மூன்று கிழமையாகப் பாடசாலைக்குப் போக மறுத்து, இரவில் அலறி எழுந்து, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தால் என்ன செய்வது? அங்கேதான் வீடு திகைத்து நிற்கிறது. "வளர வளரச் சரியாகிவிடும்" என்று அம்மம்மா சொல்வார். "அடித்து வளர்க்காததால் வந்த வினை" என்று மாமா சொல்வார். யாரோ நூல் கட்டச் சொல்வார்கள். இதற்குள் ஒரு தவணை முடிந்துவிடும். மனநலக் கோளாறுகளில் பாதி 18 வயதுக்கு முன்பே தலைகாட்டிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்பது, விதைப்பு முடிந்த பிறகு வரம்பு கட்டுவது போல.

பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பில் இருந்த காலத்தில், மூதூர்ப் பக்கத்துக் குடும்பங்களோடு கிளினிக்குகளுக்கு அலைந்தவள் நான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முதல் தடவை வைத்தியரிடம் போவது கடினம்தான். ஆனால் நான் பார்த்த பிள்ளைகள் தவறிப்போனது அந்த இடத்தில் அல்ல. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் போகாமல் விட்டதால்தான் தவறிப்போனார்கள். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வேலையையும் அடுத்த தடவையை மனதில் வைத்தே செய்யுங்கள்.

அவசரம் என்றால் இதை மட்டும் வாசியுங்கள்

"எனக்கு இருக்கவே பிடிக்கவில்லை", "செத்துப்போகிறேன்" என்று பிள்ளை சொன்னால் அதை மிரட்டல் என்றோ நடிப்பு என்றோ தள்ளிவிடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சொல்லியழ ஒருவர் கிடைத்தார் என்ற ஆறுதல்தான் வரும். வயலுக்கு அடிக்கும் மருந்தையும் வீட்டில் கிடக்கும் மாத்திரைகளையும் அன்றைக்கே அகற்றிப் பூட்டிவையுங்கள். சேருநுவரையிலும் தம்பலகாமத்திலும் மருந்துப் போத்தல் குசினி மூலையில் நிற்கும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன. பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், நீங்களாக வாந்தியெடுக்க வைக்கவும் வேண்டாம். விழுங்கிய பொருளின் போத்தலையோ பெட்டியையோ கையில் எடுத்துக்கொண்டு கிட்டிய வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பேசுவதற்கு ஒருவர் வேண்டும் என்றால் 1926. இது தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசிச் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு அடி, பாலியல் துன்புறுத்தல், வேலைக்கு அனுப்புதல் போன்ற கொடுமை நடக்கிறது என்றால் 1929. இது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண்.

பாலியல் துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை வாய்திறந்தால், "நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் பிழை இல்லை" என்ற இரண்டு வசனம் போதும். திரும்பத் திரும்பக் கேட்டு, மாமியிடம் ஒருமுறை, அதிபரிடம் ஒருமுறை என்று சொல்லவைக்காதீர்கள். நேரே வைத்தியசாலைக்கோ பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்கோ போங்கள். ஊருக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். அந்தப் பேச்சில் காப்பாற்றப்படுவது பிள்ளை அல்ல.

படி 1: ஒரு கொப்பி எடுங்கள்

நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். தினமும் இரவு நான்கு வரி எழுதுங்கள்: எப்படித் தூங்கியது, என்ன சாப்பிட்டது, பாடசாலைக்குப் போனதா, யாரோடு விளையாடியது. வலி, அழுகை, கோபம் என்று ஏதும் வந்தால், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மூத்த பிள்ளையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கொண்டு எழுதுவியுங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் ஒரு அம்மம்மாவின் கொப்பி. பேரனுக்கு எட்டு வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். பிள்ளை காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவான். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, ஸ்கேனும் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை. அம்மம்மா மூன்று கிழமை எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "வியாழன். இரவு மகள் கதைத்தாள். தம்பி போனை வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. வெள்ளி. வயிற்றுவலி. பள்ளி வாசலில் இருந்து திரும்பி வந்தான். இடியப்பம் ஒன்று தின்றான்." அடுத்த பக்கமும் அதற்கடுத்த பக்கமும் அப்படித்தான். வைத்தியர் விரலை வைத்து வரிகளைத் தடவிப் பார்த்தார். வலி வந்த நாட்கள் எல்லாம் தாய் பேசிய இரவுக்கு மறுநாள். பத்து நிமிடத்தில் அவருக்கு விளங்கியது எங்களில் ஒருவருக்கும் ஆறு மாதமாக விளங்கவில்லை. பிறகு செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. அழைப்பைப் படுக்கும் நேரத்தில் இருந்து பின்னேரத்துக்கு மாற்றினார்கள். எந்த நாளில் அழைப்பு வரும் என்று நாட்காட்டியில் குறித்தார்கள். தாய் எப்போது வருவார் என்ற உண்மையைப் பிள்ளைக்குச் சொன்னார்கள். வலி குறைய இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் நான்கு தடவை கிளினிக் போக வேண்டியிருந்தது.

எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்பீர்கள். ஒருநாள் அழுகை, ஒரு சண்டைக்குப் பிறகு வரும் மௌனம் எல்லாம் பிள்ளைப் பருவம். ஆனால் மாற்றம் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்தால், அல்லது ஏற்கனவே கற்றுக்கொண்டதைப் பிள்ளை இழந்தால், அதைப் பார்க்கத்தான் வேண்டும். பேசிக்கொண்டிருந்த சிறுபிள்ளை பேச்சை விட்டுவிடுவதும், படுக்கையை நனைப்பதை நிறுத்தியிருந்த பிள்ளை மீண்டும் நனைப்பதும் அப்படிப்பட்டவை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத, கண் பார்த்துச் சிரிக்காத, சுட்டிக்காட்டாத குழந்தைக்கு இரண்டு கிழமைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. குறும்பு செய்யும் பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள். பின்வாங்கில் சத்தமில்லாமல் இருந்து தேயும் பெண்பிள்ளையை ஒருவரும் கவனிப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கொப்பி இன்னும் அவசியம். 2004 சுனாமியையும் 2006 இடப்பெயர்வையும் பிள்ளைகளாகப் பார்த்தவர்கள் இன்று பெற்றோர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் அவர்களுடைய பிள்ளைகளும் இரவோடிரவாக வீட்டை விட்டு ஓடினார்கள். மழைச் சத்தம் கேட்டால் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்காரும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் வழக்கமான வாழ்க்கை திரும்பியதும் தேறிவிடுவார்கள். மாதம் ஒன்று கடந்தும் தேறாத பிள்ளைக்கு உதவி தேவை.

படி 2: உடம்பையும் பார்த்துவிடுங்கள்

பேசாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்க வேண்டும். படிக்காத பிள்ளைக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வகுப்பில் சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கும் பிள்ளை கனவு காண்பதாக ஆசிரியர் நினைப்பார். அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம். இரத்தச் சோகையும் சோர்வாகத்தான் தெரியும். இவை எல்லாம் கிட்டிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலேயே தொடங்கக்கூடியவை.

படி 3: கிட்ட இருப்பவரிடம் தொடங்குங்கள்

நகரத்துக்கு ஓடுவதற்கு முன் உங்கள் கிராமத்திலேயே உதவக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது நீங்கள் "மிஸ்" என்று கூப்பிடும் மருத்துவமாது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு அவருக்குப் பழக்கமான ஏடு. எடை குறித்த பக்கத்தோடு மூடிவிடாமல், பேச்சு, நடை, விளையாட்டுப் பற்றிய பக்கத்தைத் திறந்து காட்டி உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார், அங்கிருந்து வைத்தியசாலைக்குக் கடிதம் கிடைக்கும்.

பாடசாலைப் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரும். சுகாதாரப் பணிமனையின் மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 மாணவர்களுக்கு நடக்கும். அன்றைக்குப் பாடசாலைக்குப் போய் நில்லுங்கள். பல், கண், எடையோடு முடிந்துவிடும் வரிசையில் நீங்கள் ஒருவர் வாய்திறந்தால் அந்த வைத்தியர் துண்டு எழுதித் தருவார். ஆசிரியரோடு பேசும்போது "என் பிள்ளையை ஏன் இப்படி நடத்துகிறீர்கள்" என்று தொடங்காமல், "வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று அரைப் பக்கம் எழுதித் தாருங்கள், வைத்தியரிடம் காட்ட வேண்டும்" என்று கேளுங்கள். அந்த அரைப் பக்கம் கொப்பிக்கு அடுத்தபடியாகப் பெறுமதியானது.

பிரதேச செயலகத்திலும் உதவி இருக்கிறது: உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள். உங்களுடையது எது என்று தெரியாவிட்டால் கிராம உத்தியோகத்தரைக் கேளுங்கள். இவர்கள் மருந்து தரமாட்டார்கள். ஆனால் பிள்ளையோடும் குடும்பத்தோடும் பேசவும், அலுவலகங்களுக்கிடையே ஆளை ஆள் அழைத்துச் சொல்லவும் இவர்களால் முடியும்.

படி 4: கிளினிக் நாள்

மூதூர், கிண்ணியா, கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் ஒன்று உங்களுக்குக் கிட்ட இருக்கலாம். திருகோணமலை நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. மனநலக் கிளினிக் எந்த நாளில் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சும்மா ஒரு நாளில் பஸ் ஏறிப் போய், "நாளைக்கு மறுநாள் வாருங்கள்" என்ற பதிலோடு திரும்பினால் ஒரு நாள் கூலியும் போகும், மனமும் விட்டுப்போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு போய் அப்படித் திரும்பியிருக்கிறேன். அந்தத் தாய் மறுபடி வரச் சம்மதிக்க இரண்டு மாதம் எடுத்தது.

கொண்டுபோக வேண்டியவை: கடிதம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, சுகாதார வளர்ச்சிப் பதிவேடு, பழைய மருந்துத் துண்டுகள், ஆசிரியரின் குறிப்பு, கொப்பி, சாப்பாடு, தண்ணீர், பிள்ளைக்குப் பிடித்த ஒரு சிறு பொருள். நேரத்தோடு போய் நம்பர் எடுங்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். பஸ் காசும் அன்றைய கூலியும்தான் செலவு.

மொழி ஒரு பெரிய விடயம். மாற்றம் பெற்று வரும் வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். தமிழ் தெரிந்த தாதியை அழைக்கும்படி கேட்பதற்குத் தயங்காதீர்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. சிங்களம் தெரிந்த ஒரு உறவினரை அழைத்துப் போவதும் நல்லது. ஆனால் பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக்காதீர்கள். தன்னைப் பற்றித் தாய் சொல்லும் குறையைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளையின் முகத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். ஐஸ்கிறீம் வாங்கப் போகிறோம் என்று ஏமாற்றி அழைத்துப்போனால் அடுத்த தடவை வாசற்படி தாண்டாது. "உனக்கு இரவில் பயமாக இருக்கிறது அல்லவா, அதைக் குறைக்க வழி தெரிந்த ஒரு வைத்தியரிடம் போகிறோம். ஊசி போடமாட்டார், பேசுவார், படம் வரையச் சொல்வார்" என்றால் போதும். உள்ளே நடப்பதும் ஏறக்குறைய அதுதான். பெற்றோரோடு தனியாகப் பேசுவார்கள், பிள்ளையோடு தனியாகப் பேசுவார்கள். விடலைப் பருவத்துப் பிள்ளை என்றால் நீங்கள் வெளியே காத்திருக்கத்தான் வேண்டும். கதவோரம் காது வைக்காதீர்கள்.

"விசர் டொக்டரிடம் போகிறார்கள்" என்று ஊர் சொல்லுமே, நாளைக்குக் கலியாணம் பேசும்போது இடிக்குமே என்ற பயம் பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு அதிகம். அந்தப் பயம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். ஊர் பேசும். ஆனால் கிளினிக் கொப்பி உங்கள் கையில் இருக்கிறது, அதை யாருக்கும் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பதினாறு வயதில் படிப்பை விட்டு அறைக்குள் முடங்கும் பெண்ணின் வாழ்க்கைக்கு நேரும் இழப்பு, ஊர் வாயால் வரும் இழப்பைவிடப் பெரியது.

கோயிலும் பள்ளிவாசலும்

திருநீறு போடுவதையும் ஓதிப் பார்ப்பதையும் விட்டுவிடச் சொல்லமாட்டேன். அவற்றால் வீட்டுக்கு ஒரு தெம்பு வருகிறது. வைத்தியமும் அதுவும் ஒன்றாக நடக்கலாம். ஆனால் பிள்ளையை அடிக்கிற, கட்டுகிற, புகை போட்டு மூச்சுத் திணறவைக்கிற, பட்டினி போடுகிற எவரிடமும் விடாதீர்கள். "மாத்திரையை நிறுத்தினால்தான் பலிக்கும்" என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மருந்து பற்றிச் சுருக்கமாக

எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை கிடையாது. பலருக்குப் பேச்சும் பெற்றோருக்கான பயிற்சியும் பாடசாலையில் சிறு மாற்றங்களுமே வைத்தியம். மாத்திரை தந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதற்கு, எத்தனை நாளில் பலன் தெரியும், என்ன தொல்லை வரலாம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். நான்காம் நாள் "ஒன்றும் நடக்கவில்லை" என்று நிறுத்துவது வீண். மாத்திரை தொடங்கிய முதல் கிழமைகளில் பிள்ளையைக் கிட்ட இருந்து பாருங்கள். பதற்றம் கூடினால் அல்லது சாவைப் பற்றிப் பேசினால் அன்றே தெரிவியுங்கள். மிகையாக ஓடியாடி, கவனம் நிற்காத பிள்ளைக்குத் தரும் மெதில்பெனிடேட் பசியைக் குறைக்கும், ஆகவே காலைச் சாப்பாட்டை வயிறு நிறையக் கொடுத்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். எதையும் திடீரென நிறுத்த வேண்டாம்.

ஓட்டிசம், பேச்சுத் தாமதம் போன்றவற்றுக்குப் பேச்சுச் சிகிச்சை நீண்ட காலம் தேவைப்படும். மாத்திரை அங்கே முக்கியமல்ல. கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால் ஒருதடவை போய் வாருங்கள், ஆனால் திரும்பும்போது "வீட்டில் நான் தினமும் என்ன செய்ய வேண்டும்" என்பதைத் தமிழில் எழுதி வாங்காமல் வராதீர்கள். வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரையும் சந்தியுங்கள். பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற சலுகைகளுக்கு வைத்தியச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

படி 5: இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும்

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதற்கு வந்துவிட்டேன். கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் மிதவைப் படகுக்கு, காத்துக் கிடந்த காலம் 2009 இல் பாலம் திறந்ததோடு முடிந்தது. ஆனால் பாலம் வந்ததால் மட்டும் நேரம் வந்துவிடவில்லை. அறுவடைக் கிழமையில், கடல் நல்லாயிருக்கும் மாதத்தில், வேறு ஊரில் மீன்வாடி போட்டிருக்கும் காலத்தில் யாராலும் கிளினிக் போக முடியாது. அதனால் திகதி எழுதும்போதே வாய்திறந்து சொல்லுங்கள்: "அந்தக் கிழமை சூடு அடிக்கிறோம், அடுத்த கிழமை தாருங்கள்." வைத்தியருக்கு உங்கள் வயல் தெரியாது. சொன்னால் மாற்றுவார்.

பஸ் காசு கட்டுப்படியாகவில்லை என்பதையும் சொல்லுங்கள். நகரத்தில் பார்த்துத் தொடங்கிய வைத்தியத்தைக் கிட்டிய வைத்தியசாலையில் தொடர முடியுமா, மருந்தை அங்கே எடுக்கலாமா, ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதத்துக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஆம் என்ற பதில் வராது. ஒன்றுக்கு வந்தாலும் இலாபம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் தண்ணீர் வீதியை மறித்தால் பஸ் ஓடாது. ஐப்பசி பிறக்கும்போதே ஒரு கிழமைக்கான மேலதிக மாத்திரையைக் கேட்டு வாங்கி, பொலித்தீனில் சுற்றி, அடையாள அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

திகதி தவறிவிட்டால் ஏசுவார்கள் என்ற பயத்தில் ஒரேயடியாக நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஏசினாலும் பரவாயில்லை, அடுத்த கிளினிக் நாளில் போங்கள். பிள்ளை கொஞ்சம் தேறியதும் "இனி ஏன்" என்று நிறுத்துகிறவர்கள் அதைவிட அதிகம். நிறுத்தலாமா என்பதைக் கிளினிக்கில் வைத்தே முடிவெடுங்கள். அதுவரை தாய், தகப்பன் இருவரில் ஒருவர் மட்டும் சுமக்காமல் மாறி மாறிப் போங்கள். தகப்பன் ஒருதடவை போய்வந்தால், வீட்டில் "அடித்தால் சரியாகும்" என்ற பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

கிளினிக் முடிந்து வெளியே வந்ததும், பஸ் நிலையத்துக்கு நடப்பதற்கு முன் வைத்தியசாலை வாங்கிலேயே உட்கார்ந்து, கொப்பியின் முதல் பக்கத்தில் மூன்றை எழுதுங்கள்: அடுத்த திகதி, அன்று யார் கூட்டிவருவது, எத்தனை மணி பஸ். பிள்ளைக்கு எழுதத் தெரியுமென்றால் பேனாவைப் பிள்ளையிடமே கொடுங்கள்.